குருமார் எழுதிய காலனிக்கால வரலாறு: கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் விக்டோரியா ஸ்திரீட் சூசையப்பர் கோவிலும் குவீன் ஸ்திரீட் கதீட்ரலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே கத்தோலிக்கச் சபைதானே, அந்தக் காலத்துச் சின்ன ஊரில் இரண்டு எதற்கு? புத்தகங்களும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கின்றனவே?

பதில்: ஒரே சபைதான், ஆனால் அதிகாரம் இரண்டு. ஆசியாவில் ஆயர்களை முன்மொழியும் உரிமையையும் மிஷன்களைப் பராமரிக்கும் பொறுப்பையும் பாப்பரசர்கள் போர்த்துக்கல் அரசருக்குக் கொடுத்திருந்தார்கள். அதுதான் பத்ரோவாதோ. பிறகு 1622-ல் ரோம் ப்ரொபகந்தா என்ற தன் சொந்தத் துறையை ஏற்படுத்தி, நேரடியாகக் குருமாரை அனுப்பத் தொடங்கியது. சிங்கப்பூரில் இரண்டும் சந்தித்தன. 1825-ல் போர்த்துக்கீசிய மிஷனைத் தொடங்கிய குரு பத்ரோவாதோ தரப்பு. பாரிஸ் மிஷன் சபையின் பிரெஞ்சுக் குருமார் சயாமின் அப்போஸ்தலிக்க விகாருக்கு, அதாவது ரோம் நேரடியாக நியமித்த ஆயருக்குக் கீழ்ப்பட்டவர்கள். இந்த ஊர் என் எல்லை என்று இரு தரப்பும் சொன்னது. ரோமும் போர்த்துக்கல்லும் செய்துகொண்ட 1886 உடன்படிக்கைப்படி சூசையப்பர் கோவில் பத்ரோவாதோ தரப்பு மக்காவ் ஆயரின் கீழேயே இருந்தது. சிங்கப்பூர்ப் பேராயத்தின் கைக்கு வந்தது 1981-ல்தான்.

அதனால் எந்த நூலை எடுத்தாலும், எழுதியவர் எந்தத் தரப்புக் குரு என்பதை முதலில் பாருங்கள். 1838-க்குப் பிறகு ப்ரொபகந்தா தரப்புக் கடிதங்களில், பத்ரோவாதோ தரப்பான கோவாக் குருமாரைப் 'பிரிவினைக்காரர்' என்று எழுதியிருப்பார்கள். அது தகவல் அல்ல, வழக்கில் எதிராளியைச் சொல்லும் வசவு. அதை அப்படியே எடுத்து மேற்கோள் காட்டிவிடுகிறவர்கள் நிறைய.

கேள்வி: மனுவேல் தெய்ஷெய்ரா சாமியாரின் மூன்று பாக மிஷன் வரலாற்றை ஆதாரமாக நம்பலாமா?

பதில்: நம்பலாம், பயன்படுத்தும் முறை தெரிந்தால். 1912-ல் போர்த்துக்கல்லில் பிறந்து, 1924-ல் சிறுவனாக மக்காவ் குருமடத்துக்கு வந்தவர். 1948 முதல் 1962 வரை சிங்கப்பூரில் இருந்தார். மலாக்கா, சிங்கப்பூர்ப் போர்த்துக்கீசிய மிஷன்களைப் பற்றி, 1511-லிருந்து 1958 வரை, அவர் எழுதியது 1961–63-ல் லிஸ்பனில் அச்சானது. அவருடைய பெரிய பலம், ஆவணத்தை நீளமாக அப்படியே எடுத்துக்கொடுப்பது. மூலத்தைப் பார்க்க லிஸ்பனுக்கோ மக்காவுக்கோ போக முடியாதவர்களுக்கு அது பெரிய கொடை. பலவீனம், எடுத்த ஆவணத்தை எடைபோடாமல் அடுத்ததற்குப் போய்விடுவது. தமிழர்களைத் தேடினால் அதில் அதிகம் கிடைக்காது. நம்மவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மிஷனோடு இருந்தவர்கள்.

இன்னொன்றும் உண்டு. 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1386-ன்படி, ஒரு குரு மதம் சாராத நூலை வெளியிடுவதற்கும் தன் மேலதிகாரியின் சம்மதம் வேண்டும். அந்தத் தலைமுறைக் குருமார் சில இடங்களில் ஏன் பட்டும் படாமலும் எழுதினார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆவணம் முழுசாக இருக்கும், அதன் மேல் அவர் கருத்து மட்டும் இருக்காது. அந்த இடத்தில் நின்று படிக்க வேண்டும்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா பெயர் ராயப்பன். லூர்து மாதா கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பது வீட்டுப் பேச்சு. பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இருக்கும், பெத்ருஸ் என்று இருக்கும். பதிவு லத்தீனில் எழுதப்பட்டிருந்தால் தமிழ்ப் பெயர் புனிதரின் லத்தீன் பெயராக மாறிவிடும். ராயப்பன் என்றால் பெத்ருஸ், சின்னப்பன் பௌலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேஃபுஸ், சவேரிமுத்து க்சவேரியுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். தகப்பன் பெயரில் இன்னொரு வழுக்கல்: 'பெத்ருசின் மகன்' என்பதை 'ஃபிலியுஸ் பெத்ரி' என்று எழுதுவார்கள். 'பெத்ரி' என்று ஒரு ஆளைத் தேடிப் பலர் வாரக்கணக்கில் அலைகிறார்கள். அது வேற்றுமை உருபு ஏறிய அதே பெத்ருஸ்தான்.

தேதியிலும் கவனம். 7 என்ற எண்ணுக்குப் பின்னால் 'பிரிஸ்' என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். ஏழு என்பதற்கு லத்தீனில் செப்தெம். அதே கணக்கில் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். 'மலபார்' என்று குறித்திருந்தால் கேரளம் என்று முடிவு கட்டாதீர்கள். போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். 'சுப் கொந்திசியோனே' என்றால் முன்பே ஞானஸ்நானம் ஆகியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் நிபந்தனையோடு கொடுத்தது. ஊரில் முதல் பதிவு இருக்க வாய்ப்பு உண்டு, அங்கேயும் தேடுங்கள்.

ஓரக்குறிப்பை மறக்கவே கூடாது. 1908 ஈஸ்டர் முதல் அமலுக்கு வந்த, திருமணம் பற்றிய ரோமின் 'நே தேமெரே' ஆணைப்படி, ஒருவர் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் எழுத வேண்டும். வேறு பங்கில் கல்யாணம் ஆகியிருந்தால் தடம் அங்கேதான் கிடைக்கும்.

ஓஃபீர் ரோடு லூர்து மாதா கோவில் திறந்தது 1888. அதற்கு முன் பிறந்தவரானால் குவீன் ஸ்திரீட் பேதுரு பவுல் கோவில் பதிவைக் கேளுங்கள், 1870-ல் கட்டிய அந்தக் கோவிலில்தான் சீனரும் தமிழரும் சேர்ந்து இருந்தார்கள். கடிதத்தில் பெயரின் தமிழ், லத்தீன் வடிவம் இரண்டும், உத்தேச ஆண்டு, பெற்றோர் பெயர், உங்களுக்கு என்ன உறவு என்பதையெல்லாம் எழுதுங்கள். 'எங்கள் குடும்பப் பதிவு எல்லாம் வேண்டும்' என்று எழுதினால் யாராலும் தேடிக் கொடுக்க முடியாது.

கேள்வி: குடும்பம் காரைக்காலில் இருந்து வந்தது. ஊர்ப் பதிவுக்கு எங்கே போவது?

பதில்: பிரெஞ்சு நிர்வாகத்தின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரின் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் இணையதளத்தில் காரைக்கால், புதுச்சேரிப் பக்கங்களைப் படமாகப் பார்க்கலாம். புதுச்சேரி மிஷனை 1776-ல் ஏற்றதும் இதே பாரிஸ் மிஷன் சபைதான். அதனால் குருமாரின் கடிதங்களைத் தேட, புதுச்சேரிக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே இடம்தான்: அந்தச் சபையின் தலைமையகம், பாரிஸ், ரூ து பாக், 128.

கேள்வி: இன்று ஒரு இளம் குரு இந்தத் துறைக்கு வர விரும்பினால்?

பதில்: குருமடத்தில் தத்துவம் இரண்டு வருடம், இறையியல் நான்கு வருடம். அதன்பின் ஆயர் அனுப்பினால்தான் மேற்படிப்பு. ரோம் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் 1932 முதலே திருச்சபை வரலாற்றுக்குத் தனிப் புலம் உண்டு. முதலில் முதுகலைக்கு நிகரான லைசென்சியேட், பிறகுதான் முனைவர் பட்டம். லத்தீன், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு மூன்றும் இல்லாமல் நம் பகுதி வரலாற்றைத் தொட முடியாது. தமிழ் நான்காவது, அதை விட்டால் மூலத்தில் நம்மவர்களை அடையாளமே காண முடியாது. பாதியில் பங்குப் பணிக்கு மாற்றல் வந்தால் கீழ்ப்படிந்து போக வேண்டியதுதான். ஆய்வுகள் பாதியில் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: தனிநாயகம் அடிகளை இந்த ஆய்வாளர் குருமார் வரிசையில் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. 1679-ல் அச்சான, மிஷனரி அந்தாம் தெ ப்ரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1966-ல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அவர். மிஷனரி நூலைத் தமிழ் ஆய்வுக்கான மூலமாகக் கையில் எடுத்தார். மதம் பரவிய கதையாக மட்டும் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வை நமக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

கேள்வி: வத்திக்கான் காப்பகத்தில் ஜப்பானியர் காலத்துச் சிங்கப்பூர் பற்றிப் பார்க்க முடியுமா?

பதில்: பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) காலத்து ஆவணங்கள், அதாவது 1939 முதல் 1958 வரை, 2020 மார்ச் 2-ல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. 1942–45 அதற்குள் வருகிறது. பல்கலைக்கழகப் பட்டமும் அறிமுகக் கடிதமும் வேண்டும். போவதற்கு முன் கன்னிங் ரைஸில் நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டுவிடுங்கள். எந்தப் பெயர்களைத் தேடுவது என்று அதில்தான் பிடிபடும்.