சம்பளத்தில் இருந்துகொண்டே சொத்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாம்பரம் பக்கம் பத்து வருடப் பழைய ஃபிளாட் ஒன்று 45 லட்சத்துக்கு வருகிறது. எனக்குக் கைக்கு வரும் சம்பளம் 85,000. குடியிருக்கும் வீட்டுக்கு ஏற்கெனவே 18,000 இ.எம்.ஐ. போகிறது. வாடகை 13,000 கிடைக்கும், அதுவே கடனைக் கட்டிவிடும் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
– தனியார் நிறுவன ஊழியர், குரோம்பேட்டை

பதில்: வாடகை கடனைக் கட்டாது. இந்த அளவுக்குக் கடன் வாங்கி இதை வாங்கவும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. அதாவது 36 லட்சம். மீதி 9 லட்சம் உங்கள் கைப்பணம். மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இந்த 4.05 லட்சத்தைச் சொத்து மதிப்பில் சேர்த்து வங்கி கடன் தராது. ஆகவே 13 லட்சத்துக்கு மேல் ரொக்கம் வேண்டும்.

8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு 36 லட்சம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 31,240. வாடகை முழுதாக வந்தாலும் மாதம் 18,000 துண்டு விழும். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால், அசோசியேஷன் லிஃப்ட் மாற்றவோ பெயின்ட் அடிக்கவோ தலைக்கு இவ்வளவு என்று கேட்டால், அதுவும் உங்கள் தலையில்தான். பழைய இ.எம்.ஐ.யையும் சேர்த்தால் 49,000-க்கு மேல். சம்பளத்தில் பாதியைத் தாண்டிவிடுகிறது. வேலைக்கு ஒரு ஆபத்து வந்தால் இரண்டு வீடுமே ஆடும்.

வரிச்சலுகையை நம்பியும் இறங்காதீர்கள். முதல் வருட வட்டி மட்டும் சுமார் 3.03 லட்சம். வருட வாடகையில் 30 சதவீதக் கழிவு போக மீதம் 1.09 லட்சம். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் நஷ்டக் கணக்கு வரும். பழைய வரிமுறையில் இரண்டு லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்தில் கழிக்கவே முடியாது.

கடன் 20 லட்சத்துக்குள் அடங்கும் வரை சேமித்துக்கொண்டு காத்திருங்கள். அப்போது புது இ.எம்.ஐ. 17,360, இரண்டும் சேர்ந்து 35,360. இதில் ஆறு மாதத் தவணையான 2.12 லட்சத்தை எஃப்.டி.யில் போட்டு, தொடாமல் வைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாங்கும்போது பத்திரத்தில் பிரிபடாத நிலப் பங்கு, அதாவது மொத்த நிலத்தில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். பழைய ஃபிளாட்டில் கட்டடத்தின் மதிப்பு தேய்ந்துகொண்டே போகும், விலையைத் தாங்கி நிற்பது அந்த நிலப் பங்குதான்.

கேள்வி: புறநகரில் மனை வாங்க நினைக்கிறேன். ஞாயிறு மட்டுமே விடுமுறை. காகிதங்களை எப்படிச் சரிபார்ப்பது?
– பள்ளி ஆசிரியை, செங்கல்பட்டு

பதில்: பெரும்பாலான வேலையை இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டிலிருந்தே முடிக்கலாம். முதலில் விற்பவரிடம் கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய பத்திரம்), பட்டா, மனைப்பிரிவு அங்கீகார எண், வரைபடம் எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். நகல் தரத் தயங்கினால் அந்த மனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலை, இலவசமாகப் பார்க்கலாம். முப்பது வருடத்துக்கு, சர்வே எண்ணும் உட்பிரிவும் கொடுத்து ஒருமுறை தேடுங்கள். கடைசிப் பத்திரத்தின் எண்ணைக் கொடுத்து இன்னொரு முறை. உட்பிரிவு மாறியிருந்தால் முதல் தேடலில் பதிவுகள் விடுபடும். கிராமம் இடையில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்துக்கும் பார்க்க வேண்டும். ஆனால் உயில் வில்லங்கத்தில் வராது. பதிவாகாத பாகப்பிரிவினையும் வராது. பரம்பரைச் சொத்து என்றால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும், மகள்கள் உட்பட, கையெழுத்திட வேண்டும். திருமணமாகிப் போன மகளை விட்டுவிட்டுச் செய்த கிரயம்தான் பிற்பாடு வழக்கில் மாட்டுகிறது.

வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலம் என்ன வகை, யாருடையது என்ற அரசுப் பதிவு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுங்கள். அ-பதிவேட்டில் புறம்போக்கு என்றோ கோயில் பெயரோ இருந்தால் அதற்கு மேல் விசாரணையே வேண்டாம். அங்கீகாரம் இல்லாத மனை விலை குறைவு என்று ஆசை காட்டுவார்கள்: 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத அத்தகைய இடத்தை வாங்கினால் பதிவும் நடக்காது, கட்டட அனுமதியும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தோடு இடத்துக்குப் போங்கள். முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள். முப்பதுக்கு நாற்பது மனை என்றால் 1,200 சதுர அடி, அரை கிரவுண்டு. நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்து, எல்லைக்கல்லை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மூலை மனை என்றால் கூடுதல் கவனம் தேவை. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மனை எண் போட்டு விற்பதுண்டு.

2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தை நம்பிப் பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள். விடுப்பு எப்படியும் இரண்டு நாள் வேண்டும்: பதிவுக்கு ஒன்று, உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டியிருந்தால் சர்வேயர் அளக்க வரும் அன்று ஒன்று.

கேள்வி: அஞ்சல் துறையில் இருக்கிறேன். மனைவி பெயரில் வாங்கினால் துறைக்குச் சொல்ல வேண்டாம்தானே?
– விழுப்புரம் வாசகர்

பதில்: உங்கள் பணத்தில் வாங்கினால் சொல்லியே ஆக வேண்டும். 1964-ம் ஆண்டு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 18-வது விதி, குடும்பத்தினர் பெயரில் வாங்குவதையும் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. விற்பவருக்கும் உங்கள் அலுவலுக்கும் தொடர்பிருந்தால் முன் அனுமதியே தேவை. மனைவி தன் சொந்தப் பணத்தில் வாங்குவது வேறு. அதற்கான வங்கிக் கணக்கு ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: குழாய் ஒழுகுகிறது, ஃபேன் ஓடவில்லை என்று குடியிருப்பவர் ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?
– கோவை வாசகி

பதில்: ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டதுதான் இப்படிப் போனாக வருகிறது. 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பதினொரு மாத வாடகைக்கும் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். யார் எதைப் பழுது பார்ப்பது என்பதையும் அந்தச் சட்டமே பிரித்துச் சொல்கிறது: சுவர், வயரிங், குழாய் மாற்றம் உரிமையாளருக்கு, குழாய் வாஷர், சுவிட்ச், அடைப்பு நீக்குவது குடியிருப்பவருக்கு. இதை ஒப்பந்தத்தில் அப்படியே எழுதிவிடுங்கள். ஒரு பிளம்பர், ஒரு எலெக்ட்ரீஷியன் எண்ணைக் கொடுத்து, 1,000 ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே செலவழித்து ரசீதோடு வாடகையில் கழிக்கச் சொல்லுங்கள். அழைப்புகள் பெருமளவு குறையும். அடுத்தவர் குடிவரும்போது ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள், மின் மீட்டரின் அன்றைய ரீடிங்கையும் சேர்த்து. இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் காலி செய்யும்போது வரும் சண்டையில் பாதி அந்த ரீடிங்கால்தான்.