ராம்னியின் 14 சதவீதம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் 2012 அதிபர் தேர்தலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி 2011-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் வருமானம் காட்டி 14% வரிதான் கட்டியிருக்கிறார். அதே வருடம் நியூஜெர்சியில் 1 லட்சம் டாலர் சம்பளத்தில் இருந்த என் அண்ணன் (அப்போது திருமணமாகவில்லை) 28% கட்டியதாகச் சொல்கிறார். இது ஏய்ப்பு இல்லையா? இப்படிப்பட்டவர் எல்லாருக்கும் வரியைக் குறைப்பேன் என்று எப்படிச் சொன்னார்? நம் ஊர் வேட்பாளர்களும் வரிப் படிவத்தை வெளியிட வேண்டாமா?

கே.

அன்புள்ள கே.,

ஏய்ப்பு இல்லை. அந்தச் சொல்லை இவ்வளவு லேசாக எடுத்து வீசாதீர்கள். ராம்னி வெளியிட்ட 2011 வரிப் படிவம் 379 பக்கம். அதில் உள்ள எண்கள் சட்டப்படி வந்தவை. நீங்கள் ஏய்ப்பைத் தேடுவதால்தான் கண்ணெதிரே இருக்கும் சட்டம் உங்களுக்குத் தெரியாமல் போகிறது.

முதலில் அண்ணன் கணக்கைத் திருத்துவோம். 28% என்பது அவர் எட்டிய கடைசி ஸ்லாப். மொத்தச் சம்பளத்துக்கும் அதுதான் விகிதம் என்று நினைப்பது படித்தவர்களே செய்யும் தவறு. 1 லட்சத்தில் நிலையான கழிவு 5,800, தனிநபர் விலக்கு 3,700 போக 90,500 டாலர். அதில் முதல் 8,500-க்கு 10%, 34,500 வரை 15%, 83,600 வரை 25%, மிச்சம் 6,900-க்கு மட்டும்தான் 28%. கூட்டினால் 18,957 டாலர், அதாவது 19%. ஆனால் சம்பளக்காரருக்கு இன்னொரு பிடித்தம் உண்டு: சமூகப் பாதுகாப்புக்கு அந்த வருடம் 4.2%, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45%. ஆக 24,607 டாலர். அண்ணன் கட்டியது ஏறக்குறைய 24.6%. ராம்னி தம்பதி 1 கோடியே 37 லட்சம் டாலரில் 19.4 லட்சம் கட்டினார்கள். 14.1%.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அவருடைய வரவில் பெரும்பகுதி முதலீட்டிலிருந்து வந்தது. அன்று நீண்டகால மூலதன ஆதாயத்துக்கும் தகுதியுள்ள டிவிடெண்டுக்கும் உச்ச விகிதம் 15%, சம்பளத்துக்கு 35%. சொந்தப் பணத்தைப் போட்டு ஆதாயம் பார்த்தவருக்குச் சலுகை தரலாமா என்பதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. அதை விடுங்கள். என்னால் விட முடியாதது 'கேரிட் இன்ட்ரஸ்ட்', அதாவது முதலீட்டு நிதியின் லாபத்தில் மேலாளர்களுக்குப் போகும் பங்கு. வட்டி என்று பெயரில் இருந்தாலும் அது வட்டி இல்லை.

கம்பெனிகளை வாங்கி விற்கும் ஒரு பிரைவேட் ஈக்விட்டி நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதிய நிதிகளும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளும் 10 கோடி டாலர் போடுகின்றன. மேலாளர்கள் அந்தப் பணத்தில் ஒரு கம்பெனியை வாங்கி, செலவைக் குறைத்து, ஐந்து வருடம் கழித்து 20 கோடிக்கு விற்கிறார்கள். லாபம் 10 கோடி. வழக்கமான ஒப்பந்தப்படி அதில் 20%, அதாவது 2 கோடி, மேலாளர்களுக்கு. அந்த 2 கோடி அவர்கள் போட்ட பணத்துக்கு வந்ததல்ல, பார்த்த வேலைக்கு வந்தது. நிதி நஷ்டப்பட்டால் போட்ட பணத்தை இழப்பது பணம் போட்டவர்கள். இருந்தும், நிதி ஒரு கூட்டாண்மை என்பதால் அதன் லாபம் என்ன வகையோ அதே வகையாகவே கூட்டாளியின் பங்கைக் காட்டும் கே-1 தாளில் இறங்குகிறது. அங்கிருந்து அவருடைய வரிப் படிவத்தில் மூலதன ஆதாயத்தைக் காட்டும் ஷெட்யூல் டி-க்குப் போகிறது. மூலதன ஆதாயமாக 30 லட்சம் வரி. சம்பளமாகக் கொண்டிருந்தால் உச்ச விகிதத்தில் 70 லட்சம், அதன் மேல் மெடிகேர். தான் நடத்திய பிரைவேட் ஈக்விட்டி நிறுவனமான பெயின் கேபிடலை விட்டு வெளியே வந்து பல வருடம் ஆன பிறகும் ஓய்வு ஒப்பந்தப்படி ராம்னிக்கு இந்த வகையில் 2010, 2011 இரண்டு வருடமும் சேர்த்துச் சுமார் 1 கோடியே 29 லட்சம் டாலர் வந்தது.

இதை மாற்றுவதாகப் பலர் சொன்னார்கள். 2017 வரிச் சட்டம் செய்ததெல்லாம் இந்தச் சலுகை விகிதத்துக்கு வேண்டிய ஒரு வருட வைப்புக் காலத்தை மூன்றாக்கியது மட்டும். கம்பெனியை வாங்கி நாலைந்து வருடம் வைத்திருந்து விற்பவரை அது தொடுவதே இல்லை. 2022-ல் செனட்டில் இன்னொரு முயற்சி கடைசி நேரத்தில் மசோதாவிலிருந்து எடுக்கப்பட்டது.

நன்கொடை விஷயத்தையும் பாருங்கள். 2011-ல் அவர்கள் கொடுத்தது 40 லட்சம் டாலர். கழிவாகக் கேட்டது 22.5 லட்சம் மட்டும். பத்து வருடமாகத் தன் வரி விகிதம் 13%-க்குக் குறைந்ததில்லை என்று அவர் பேசிவிட்டதால் எண்ணை அதற்கு ஏற்ப நிறுத்தினார்கள். மிச்சமுள்ள ஏறத்தாழ 17.7 லட்சத்தையும் கழித்திருந்தால், 15% வைத்துப் போட்டாலே வரியில் 2.65 லட்சம் குறைந்து விகிதம் 12.2%-க்கு இறங்கியிருக்கும். மூன்று வருடத்துக்குள் 1040எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டு அந்தக் கழிவைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமும் உண்டு. கொடுத்த கை நல்ல கைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மனிதர் தன் வரி விகிதத்தைத் தானே தேர்ந்தெடுக்க முடிகிறது. உங்கள் அண்ணனால் முடியுமா?

அவருடைய திட்டத்துக்கு வருகிறேன். எல்லா ஸ்லாப்பிலும் ஐந்தில் ஒரு பங்கு வெட்டு: 35% என்பது 28, 10% என்பது 8. வாரிசுச் சொத்து வரி ரத்து. அரசுக்கு வரவு குறையாது, கழிவுகளை அடைத்து ஈடுகட்டுவோம் என்றார்கள். எந்தக் கழிவுகள் என்று சொல்லவில்லை. ஆனால் சேமிப்புக்கும் முதலீட்டுக்குமான சலுகைகளில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். பணக்காரர்களுக்குப் போகும் மிகப் பெரிய சலுகையே அதுதான். அதைப் பூட்டிவைத்துவிட்டால் மற்றதை எல்லாம் அடைத்தாலும் கணக்கு நேராகாது. வாஷிங்டனில் உள்ள வரிக் கொள்கை மையம் (Tax Policy Center) என்ற ஆய்வு அமைப்பு 2012 ஆகஸ்டில் போட்டுப் பார்த்தது: 2 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் மற்றக் கழிவுகள் அத்தனையையும் பிடுங்கினாலும் அவர்களுக்கு வருடம் 8,600 கோடி டாலர் நிகர லாபம். அந்தத் தொகை கீழே உள்ளவர்களிடமிருந்துதான் வர வேண்டும். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சராசரியாக 2,000 டாலர் கூடும். பிறகு கழிவுகளுக்கு மொத்தமாக உச்சவரம்பு என்றார்கள். ஒரு நாள் 17,000, அடுத்து 25,000. அண்ணன் போன்றவர் பின்னால் வீட்டுக்கடன் வாங்கியிருந்தால் அந்த வட்டிக் கழிவு இந்த வரம்புக்குள் அடைபடும். ஷெட்யூல் டி-யில் இருக்கும் 15% அப்படியே நிற்கும்.

நம் ஊர் கேள்விக்கு: வேட்பாளர் தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் ஐந்து வருட மொத்த வருமானம் உண்டு, கட்டிய வரிக்குக் கட்டம் இல்லை. வருமானத்தின் மூலம் என்ன என்று எழுத வேண்டும். எதிலிருந்து எவ்வளவு என்று எழுத வேண்டியதில்லை. விவசாய வருமானத்துக்கு விலக்கு என்பதால் அது அந்த மொத்தத்துக்குள்ளேயே வராது. உங்களுக்குத் தெரிந்த ஒரு வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை இறக்கி, இந்த 14 சதவீதக் கணக்கை அதில் போட முயன்று பாருங்கள். இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவீர்கள்.