மூன்றரை லட்சம் டாலர் கொடுத்து பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்

கலிஃபோர்னியா, ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே பேஸ்பால். இப்போது பள்ளி அணியின் கேட்சர், அதாவது பந்தை அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவன். பேர் பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது. அங்குள்ள பயிற்சியாளர் 'வாக்-ஆன்' ஆக வரச் சொல்கிறார். அதாவது அணியில் சேர முயன்று பார்க்கலாம், ஆனால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் ஒரு டாலர்கூடக் கிடையாது. விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலர். சான் ஹோசேயில் இருக்கும் பெரியப்பா, "வீட்டின் மேல் கடன் வாங்கியாவது சேர்த்துவிடு, அந்தப் பேருக்கே மதிப்பு" என்கிறார். ஊரிலிருக்கும் மாமாவோ, "விளையாட்டை மூட்டை கட்டச் சொல்லு, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும்" என்று வாராவாரம் போன் செய்கிறார்.

உங்கள் கவலை நியாயமானது அம்மா. ஆனால் நேராகவே சொல்கிறேன்: இடத்தை உறுதி செய்ய மே 1-க்குள் பல்கலைக்கழகம் கட்டச் சொல்லும் முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

நான்கு ஆண்டுக்கு 3,60,000 டாலர். அதற்கு அந்தப் பயிற்சியாளர் தருவது ஒரு வாய்மொழி அழைப்பு மட்டும்தான். 2025-26 முதல் விளையாட்டு வருமானத்தில் வீரர்களுக்கும் பங்கு தரும் புதிய முறையில் சேர்ந்த டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு) கல்லூரிகளில் பேஸ்பால் அணிக்கு 34 பேர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. இடம் குறைந்தால் முதலில் கழற்றிவிடப்படுவது ஸ்காலர்ஷிப் இல்லாத பையன்தான். இன்னொன்றையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயதாகும்வரை பொதுவாக எந்த மேஜர் லீக் (தொழில்முறை பேஸ்பாலின் உச்ச லீக்) அணியும் டிராஃப்ட்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், அவனைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆடாமலே மூன்று வருடம் போய்விடும் ஆபத்து இதில் இருக்கிறது.

வாக்-ஆனாகப் போனவர்கள் யாருமே மேலே வரவில்லையா? வந்திருக்கிறார்கள். ஷேன் பீபர் அப்படித்தான் சேர்ந்தார், 2020-ல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார். ஆனால் அவர் போனது சான்டா பார்பராவில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்துக்கு. பேர் பெற்ற கல்லூரிதான் வேண்டும் என்பதும் இல்லை. ஆரன் ஜட்ஜின் பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். பள்ளி முடித்ததும் ஓக்லண்ட் அணி 31-வது சுற்றில் அழைத்தும் அவர் போகாமல் சேர்ந்தது ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில். நம் வீட்டு விசேஷங்களில் யாரும் பெருமையாகச் சொல்லும் பேர் இல்லை அது. அங்கே மூன்று ஆண்டு ஆடி, 2013 டிராஃப்ட்டில் முதல் சுற்றில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போனார். 2022-ல் 62 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார்.

பள்ளியிலிருந்தே கோடிக்கணக்கில் ஒப்பந்தம், முழு ஸ்காலர்ஷிப் போன்ற வழிகளை விட்டுவிடுவோம். அவை கிடைப்பதாக இருந்தால் இதற்குள் அழைப்பு வந்திருக்கும். நான் சொல்ல வருவது உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டாண்டு அரசுக் கல்லூரி. பேரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம், முழுவதும் படியுங்கள்.

ஆல்பர்ட் பூஹோல்ஸ் டொமினிகன் குடியரசிலிருந்து குடும்பத்தோடு மிசூரிக்கு வந்த பையன். கான்சஸ் சிட்டியில் உள்ள மேப்பிள் வுட்ஸ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஒரே ஒரு சீசன் ஆடினார். 1999 டிராஃப்ட்டில் 13-வது சுற்றில், 402-வது ஆளாகத்தான் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் எடுத்தது. 2001-ல் மேஜர் லீக்கில் நுழைந்தவர், 2022-ல் ஓய்வு பெறும்போது 703 ஹோம் ரன் அடித்திருந்தார். பிரைஸ் ஹார்ப்பர் பள்ளியைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு சதர்ன் நெவாடா கல்லூரிக்குப் போனார். அங்கே மரமட்டையில் 31 ஹோம் ரன் அடித்து, 2010 டிராஃப்ட்டில் முதல் ஆளாகப் போனார். இரண்டாண்டுக் கல்லூரி மாணவரை அணிகள் எந்த ஆண்டும் எடுக்கலாம், மூன்று வருடக் காத்திருப்பு கிடையாது. அதனால்தான் அவர் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்.

உங்கள் பையன் கேட்சர் என்பதால் மைக் பியாசாவின் கதையை அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். மயாமி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆட வாய்ப்பே சரியாகக் கிடைக்காமல், மயாமி-டேட் கம்யூனிட்டி காலேஜுக்கு மாறினார். 1988-ல் 62-வது சுற்றில் 1,390-வது ஆளாக டாட்ஜர்ஸ் அணி எடுத்தது. அதுவும் அணி மேலாளர் டாமி லசோர்டா குடும்ப நண்பர் என்பதால். முதல் பேஸில் ஆடிக்கொண்டிருந்தவர் பிறகுதான் கேட்சரானார். கேட்சராக 396 ஹோம் ரன் அடித்து, 2016-ல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். அலபாமாவின் கால்ஹூன் கம்யூனிட்டி காலேஜிலிருந்து 24-வது சுற்றில் போன ஹோர்ஹே பொசாடாவும் இன்ஃபீல்டராக இருந்து கேட்சரானவர்தான். இவ்வளவு ஏன், உங்களுக்குப் பக்கத்தில் ஹேவர்டில் இருக்கும் சாபோ காலேஜில் கேட்சராக ஆடிய நெட் யோஸ்ட் மேஜர் லீக்கில் ஆடி, பின்னர் மேலாளராகி, 2015-ல் கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு மேஜர் லீக் சாம்பியன் பட்டமான வேர்ல்ட் சீரிஸை வாங்கித் தந்தார்.

இவர்களைப் போல உங்கள் பையனும் வருவான் என்று நான் சொல்லவில்லை. 30 அணிகள், அணிக்கு 26 பேர். மேஜர் லீக் முழுவதற்கும் ஒரு நேரத்தில் 780 இடம்தான். டிராஃப்ட்டும் 2021 முதல் 20 சுற்றுதான். எடுக்கப்பட்டாலும் அதற்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் ஆண்டுகள் ஓடும். மைனர் லீக்கின் இரண்டாவது உயர்ந்த நிலையான டபுள்-ஏயில் 2023 ஒப்பந்தம் வைத்த குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 30,250 டாலர். இதெல்லாம் தெரிந்த குடும்பம் எதற்காக 3,60,000 டாலரை இதில் போட வேண்டும்?

இப்போது கணக்கைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் படித்தால் 1,380 டாலர். புத்தகம், சில்லறைக் கட்டணங்கள் தனி. முழுநேரமாகச் சேரும் புது மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் முதல் இரண்டு ஆண்டு இந்தக் கட்டணத்தையே தள்ளுபடி செய்கின்றன. விளையாட்டு ஸ்காலர்ஷிப் இந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ்களில் கிடையாது. ஆனால் வீட்டுச் சாப்பாடு, சொந்த அறை.

அப்புறம் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. இரண்டு ஆண்டு படித்துவிட்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களில் ஒன்றில் உத்தரவாதமான இடம் பெற 'டேக்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. டேவிஸ், அர்வைன், ரிவர்சைடு, சான்டா பார்பரா, மெர்சட், சான்டா குரூஸ். இதில் முதல் நான்கிலும் டிவிஷன் ஒன் பேஸ்பால் அணி உண்டு. பெர்க்லியும் யுசிஎல்ஏவும் (லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) இதில் சேராது. எல்லாப் பாடப்பிரிவுக்கும் உத்தரவாதம் கிடைக்காது. விண்ணப்பம் இரண்டாம் ஆண்டு செப்டம்பரில். அந்த மாதத்தைத் தவறவிட்டால் உத்தரவாதம் போச்சு. பட்டத்தில் வரப்போவது பல்கலைக்கழகத்தின் பேர்தான், பெரியப்பாவின் கவலைக்கும் இதுவே பதில்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் குறையாகச் சொன்ன ஒன்றுதான் என்னை நிறுத்தியது: எதிரணியின் ஒவ்வொரு பேட்ஸ்மேனையும் பற்றி நோட்டில் எழுதி, யாருக்கு எந்தப் பந்து போடச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறானாம், "படிப்பைக் கெடுத்துக்கொள்கிறான்" என்கிறீர்கள். அவன் செய்வது புள்ளியியல் அம்மா. மேஜர் லீக்கின் 30 அணிகளும் இந்த வேலைக்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன. மருந்து ஆராய்ச்சியிலும் காப்பீட்டிலும் இதே படிப்புக்கு வேலை உண்டு. கால்குலஸும் லீனியர் ஆல்ஜிப்ராவும் கம்யூனிட்டி காலேஜிலேயே முடித்துவிடலாம். எது எந்த வளாகத்தில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் பாருங்கள். ஆனால் புள்ளியியல் பிடிக்குமா, கம்ப்யூட்டர் பிடிக்குமா என்று மாமாவிடம் கேட்காதீர்கள். அவனிடம் கேளுங்கள், அவன் சொல்வதே முடிவு.

வீட்டின் மேல் கடன் வேண்டாம், ஓய்வூதியச் சேமிப்பில் கை வைக்க வேண்டாம். இந்தக் கோடையில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்க ஆடிக்காட்டும் ஷோகேஸ் போட்டி எதற்கும் புதிதாக பணம் கட்டவும் வேண்டாம். பள்ளி முடிவதற்குள் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் தகுதி மையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பின்னால் டிவிஷன் ஒன் அணிக்கு மாறும்போது இது தேவைப்படும், கல்லூரியில் மதிப்பெண் சராசரியும் (ஜிபிஏ) 2.5-க்குக் கீழே போகக் கூடாது.

சாபோவிலும் ஃப்ரீமாண்டின் ஓலோனி காலேஜிலும் பயிற்சியாளரைச் சந்திக்க நேரம் கேட்டு, பையனே மின்னஞ்சல் அனுப்பட்டும். நேரில் போகும்போது கேட்க வேண்டியவை: இப்போது அணியில் எத்தனை கேட்சர்கள், அவர்களில் யார் அடுத்த ஆண்டு வெளியேறுகிறார்கள், கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை பேர் எந்தெந்த நான்காண்டுக் கல்லூரிக்கு மாறினார்கள். பதில்களை அவனே அந்த நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், பிறகு எனக்கு அனுப்புங்கள்.