பேட்ஜின் முகத்தை விடுங்கள், முதுகைக் காட்டுங்கள்

போன இதழில், ஊக்கு வைத்துச் சட்டையில் குத்திக்கொள்ளும் பழைய கார்ட்டூன் பேட்ஜுகளை நான் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும், இது முழுக்க பேட்ஜுக்கே.

கேள்வி: மாமா வீட்டைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பேட்ஜ் கிடைத்தது. ஸ்னூப்பி, பாப்பாய், மிக்கி மவுஸ் எல்லாம் இருக்கிறது. ஸ்னூப்பியின் விளிம்பில் 1958 என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேல் பழசுதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிற எல்லோரும் விழுகிற முதல் குழி இதுதான், நானும் விழுந்து எழுந்தவன். விளிம்பில் இருக்கிற வருடம் அந்தப் படத்துக்கான பதிப்புரிமை வருடம், பேட்ஜ் செய்த வருடம் இல்லை. ஸ்னூப்பி கூட்டத்துக்கு உரிமை வைத்திருந்த யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட்டின் பெயரோடு 1958 என்று போட்ட பேட்ஜுகள் 1970களிலும் தாராளமாக வந்தன. கார்ஃபீல்டு பூனைக்கு 1978 என்று இருக்கும், அது 80களில் வந்த சாமான்களிலும் அப்படியேதான் இருக்கும். ஆக, அந்த வருடத்தை வைத்து ‘இதற்கு முன்னால் செய்தது இல்லை’ என்று மட்டும் சொல்லலாம். எவ்வளவு பின்னால் என்று அது வாயைத் திறக்காது.

மிக்கிக்கு வருடத்தை விடக் கம்பெனிப் பெயர் உதவும். ‘வால்ட் டிஸ்னி எண்டர்பிரைசஸ்’ என்று இருந்தால் 1930களின் சரக்கு, ‘வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ்’ என்றால் அதற்குப் பிறகு 1980களின் நடு வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். வெறுமனே ‘டிஸ்னி’ என்று மட்டும் இருந்தால் ரொம்ப ஆசைப்பட வேண்டாம்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். எல்லாவற்றையும் டப்பாவிலிருந்து எடுத்து, ஒரு துண்டை விரித்து, முகம் கீழே இருக்கிற மாதிரி வரிசையாக வையுங்கள். விஷயம் முழுக்க முதுகில்தான் இருக்கிறது. திரும்பவும் டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், ஒன்றின் ஊக்கு இன்னொன்றின் மூஞ்சியைக் கீறிவிடும்.

கேள்வி: செல்லோ, லித்தோ என்று சேர்ப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எது உசத்தி?

லித்தோ என்றால் தகரத்தின் மேலேயே நேராக அச்சடித்தது. பெரிய தகரத் தகடு ஒன்றில் ஏகப்பட்ட வட்டங்களை ஒரே மூச்சில் அச்சடித்து, அப்புறம் ஒவ்வொன்றாக வெட்டி, விளிம்பை மடித்து, உள்ளே ஊக்கைச் செருகிவிடுவார்கள். செலவு குறைவு, அதனால் இலவசமாகக் கொடுப்பதற்கு வசதி.

செல்லோ கொஞ்சம் நுணுக்கமான வேலை. தகரக் கிண்ணம் ஒன்று, அதன் மேல் அச்சடித்த காகித வட்டம், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய செல்லுலாய்டுத் தாள், மூன்றையும் பின்னாலிருந்து ஒரு உலோக வளையம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த வளையத்தின் இடுக்கில்தான் ஊக்குக் கம்பி உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் இருந்த ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி 1896-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. அந்த வருடமே அங்கே ஜனாதிபதித் தேர்தல், மெக்கின்லி ஒரு பக்கம், பிரையன் ஒரு பக்கம், இரண்டு கட்சிக்காரர்களும் பேட்ஜாகக் குத்தித் தள்ளிவிட்டார்கள். கார்ட்டூன் பாத்திரங்களும் பின்னாலேயே வந்துவிட்டன. மஞ்சள் அங்கி போட்ட மொட்டைத் தலைப் பையன், பெரிய காது, ‘யெல்லோ கிட்’ என்று பெயர், ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்தது. அவனை வைத்து நூற்றுக்கு மேற்பட்ட பேட்ஜுகள் வந்தன. கொடுத்தது யார் என்கிறீர்கள்? ஹை அட்மிரல் என்ற சிகரெட் கம்பெனி! சின்னப் பையன் படத்தைக் கொடுத்து சிகரெட் விற்ற காலம் அது.

அந்தக் காலத்துச் செல்லோவின் முதுகில் வளையத்துக்குள் ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருக்கும். கம்பெனி பெயர், ஊர், காப்புரிமைத் தேதிகள் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் காகிதத்தில் 1894, 1896 என்ற தேதிகள் இருக்கும். இங்கேயும் அதே ஸ்னூப்பி கதைதான், 1896 என்று போட்ட காகிதத்தைப் பல வருஷங்கள் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

உசத்தி எது என்று என்னைக் கேட்டால் செல்லோ. வண்ணத்துக்கு ஓர் ஆழம் இருக்கும். ஆனால் முரட்டுக் கையில் பிழைப்பது லித்தோதான்.

கேள்வி: கெல்லாக்ஸ் பெப் பேட்ஜ் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். முழு செட் எத்தனை? சிலர் 90 என்கிறார்கள், சிலர் 86 என்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் ஒரு விதத்தில் சரிதான். 1945 முதல் 1947 வரை பெப் என்ற தானிய உணவுப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த லித்தோ இவை. ஐந்து வரிசை, வரிசைக்கு 18, பெருக்கினால் 90. ஆனால் ரேடியோவில் அப்போது ஓடிய சூப்பர்மேன் தொடருக்கு விளம்பரதாரர் பெப் என்பதால் ஐந்து வரிசையிலும் சூப்பர்மேனைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மற்றவர்கள் வரிசைக்கு 17 பேர், மொத்தம் 85, சூப்பர்மேனோடு 86. அதனால் சூப்பர்மேன் சுலபமாகக் கிடைப்பார். பெயரும் புகழும் உள்ளவர்தான் அபூர்வம் என்று நினைத்துக்கொண்டு அவருக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள். முழு செட் சேர்க்கிறவர்களைத் தூங்கவிடாமல் செய்வது யாருக்கும் பெயர் ஞாபகமில்லாத துணைப் பாத்திரங்கள்தான்.

அளவு சுமார் 2 செ.மீ., கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். முதுகில் கம்பெனி பெயரும் பெப் என்ற பெயரும் இருக்க வேண்டும். உங்கள் பன்னிரண்டையும் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? விற்கிறவர் ‘1930களின் அசல், தாத்தா காலத்து ஐட்டம்’ என்று சத்தியம் செய்கிறார்.

தாத்தாவை இழுத்தாலே நான் உஷாராகிவிடுவேன். என் கதையைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு செல்லோ மிக்கியை அசல் என்று நம்பி வாங்கினேன். விளிம்பில் இதமான பழுப்பு, ஊக்கில் துரு, பார்த்தால் கிழவன் மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். மிக்கியின் காதில் கறுப்பே இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப் புள்ளிகள் மொய்த்துக்கொண்டு கறுப்பு மாதிரி நடித்துக்கொண்டிருந்தன. பழைய அச்சில் கோட்டுச் சித்திரத்தின் கறுப்பு, கறுப்பு மையால் ஒரே அழுத்தமாக விழுந்திருக்கும். அசலை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் மறுபடி அச்சடிக்கும்போதுதான் கோடெல்லாம் புள்ளியாக உடையும், பொடி எழுத்துகளின் முனை மழுங்கிப்போகும். புகைப்படம் போட்ட பேட்ஜில் புள்ளி இருந்தால் தப்பில்லை, பழைய புகைப்பட அச்சும் புள்ளிதான். அதனால் புள்ளியைப் பார்த்ததுமே போலி என்று குதிக்காதீர்கள். கோடும் எழுத்தும் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

அந்தப் பழுப்பு? டீத்தண்ணீர். காகிதத்தை டீயிலோ காபியிலோ நனைத்துக் காயவைத்தால் போதும், ஐம்பது வயது கூடிவிடும். ஆனால் உண்மையான பழுப்பு ஒரு பக்கமாக, ஈரம் ஏறின திசையில் திட்டுத் திட்டாக இருக்கும், டீப் பழுப்பு வட்டம் முழுக்க ஒரே சீராக இருக்கும். ஊக்கு துருப்பிடித்து, அது உட்கார்ந்திருக்கும் பள்ளம் மட்டும் பளபளவென்று இருந்தால் அதுவும் சேட்டைதான். ஊக்கும் அது தொடுகிற இடமும் சேர்ந்துதானே கிழடு தட்ட வேண்டும்?

இன்னொரு சோதனை, கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு. 1950 வாக்கிலிருந்து காகிதத்தில் வெண்மைக்காக ஒரு ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள், அது இந்த விளக்கில் நீலமாக ஒளிரும். முதுகில் ஒட்டின காகிதம் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது 1930களின் காகிதம் இல்லை, வழக்கு முடிந்தது. ஒளிராவிட்டால் மட்டும் அசல் என்று அர்த்தமில்லை, ஏமாற்றுகிறவன் பழைய காகிதத்தைத் தேடிப் பிடித்திருக்கலாம்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1973-ல் ஒரு சட்டம் வந்தது, பழைய அரசியல் பேட்ஜை நகல் எடுத்தால் நகலில் அது செய்த வருடத்தைப் போட வேண்டும் என்று. அரசியல் பேட்ஜுக்கும் நாணயங்களுக்கும்தான் அந்தப் பாதுகாப்பு. மிக்கியையும் பாப்பாயையும் அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி: செல்லுலாய்டு என்றால் கற்பூர வாசனை வரும், சூடான ஊசியால் குத்திப் பார்த்தால் தெரியும் என்கிறாரே நண்பர்?

நண்பரைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். செல்லுலாய்டில் கற்பூரம் இருப்பது நிஜம். அதோடு இருக்கிற இன்னொரு பொருள் நைட்ரோசெல்லுலோஸ், பழைய சினிமாச் சுருள்கள் குப்பென்று பற்றி எரிந்ததற்குக் காரணமே அதுதான். சூடான ஊசியைக் கொண்டுபோனால் பேட்ஜும் போகும், விரலும் போகும். விரல் நுனியால் லேசாகத் தேய்த்து மோந்து பாருங்கள், அது போதும்.

கேள்வி: என்னிடம் உள்ள செல்லோவில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. எதை வைத்துத் துடைக்கலாம்?

துடைக்க முடியாது. புள்ளி மேலே இல்லை, தாளுக்கு அடியில் இருக்கிறது. ஈரம் வளையத்தின் இடுக்கு வழியாக உள்ளே போய்த் தகரத்தைத் துருப்பிடிக்க வைத்து, அந்தத் துரு காகிதத்தில் ஊறிவிட்டது. வந்தது வந்ததுதான், பரவாமல் தடுக்கலாம்.

நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அழுக்காக இருக்கிறதே என்று ஒரு நல்ல செல்லோவை ஈரத் துணியால் ஒரே ஒரு தடவை ஒற்றினேன். ரொம்ப ஈரம்கூட இல்லை. அப்போதைக்குப் பளிச்சென்று ஆகிவிட்டது, நானும் மகிழ்ந்துபோனேன். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் விளிம்பு ஓரமாகப் பிறை நிலா மாதிரி ஒரு பழுப்பு. இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து உலர்ந்த மெத்தென்ற துணி, இல்லாவிட்டால் சும்மா ஊதிவிடுவது, அதற்கு மேல் கையை வைப்பதில்லை.

வைக்கிற இடம் உலர்ந்ததாக, வெயில் படாததாக இருக்கட்டும், வெயிலில் சிவப்புதான் முதலில் வெளுக்கும். மருந்து பாட்டிலுக்குள் வரும் சிலிக்கா பொட்டலங்களை நான் வீசுவதே இல்லை, எல்லாம் என் பேட்ஜ் பெட்டிக்குத்தான். நாற்றமடிக்கிற பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், அந்த வகைப் பிளாஸ்டிக் நாளாக நாளாகப் பிசுபிசுத்து முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: மஞ்சள் ஸ்மைலி பேட்ஜ் இரண்டு இருக்கிறது. யார் வரைந்தது? மதிப்பு உண்டா?

வரைந்தவர் ஹார்வி பால். 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், இன்னொரு கம்பெனியோடு இணைந்த பிறகு முகம் வாடிக் கிடந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி ஊழியர்களை உற்சாகப்படுத்த வரைந்து கொடுத்தது. கூலி 45 டாலர். முதலில் செய்தது 100 பேட்ஜ். உரிமை எதுவும் பதிவு செய்யவில்லை மனிதர். 1970களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் இரண்டு சகோதரர்கள் அதே மாதிரி முகத்தைப் போட்டு, ஒரு வாழ்த்து வாசகத்தையும் சேர்த்து, 1972 முடிவதற்குள் 5 கோடி பேட்ஜுக்கு மேல் விற்றுவிட்டார்கள். உங்களிடம் இருப்பது அந்தக் கடலில் இரண்டு துளியாகத்தான் இருக்கும். எதற்கும் கண்களைப் பாருங்கள். ஹார்வி பால் கையால் வரைந்த முகத்தில் ஒரு கண் இன்னொன்றை விடத் துளி பெரிசு, வாயும் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி கச்சிதமாக இருக்காது. காப்பியடித்தவர்கள் அதையெல்லாம் ‘சரிசெய்து’ விட்டார்கள்.

கேள்வி: பழைய பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு வெளியே போகலாமா? மகள் கேட்கிறாள்.

லித்தோ என்றால், அதுவும் ஏற்கெனவே கீறல் விழுந்தது என்றால், தாராளமாக. அதற்குத்தானே செய்தார்கள். செல்லோ வேண்டாம், வியர்வையும் ஒரு ஈரம்தான். பழைய ஊக்குக் கம்பியை அகலமாக விரிக்க வேண்டாம் என்றும் மகளிடம் சொல்லுங்கள், படக்கென்று முறிந்துவிடும்.

என் சட்டையில் இப்போது இருப்பது அந்த டீத்தண்ணீர் மிக்கி. மழை வந்தால்கூட நான் ஓடுவதில்லை.