சிவப்பு ஐ.சி. கேள்விகளும் என் பதில்களும்

மலேசியக் குடியுரிமை மனு பற்றி பினாங்கு, செபராங் பிறை பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். இங்கே நிரந்தரவாசியின் அடையாள அட்டை (ஐ.சி.) சிவப்பு, குடிமகனுடையது நீலம். வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து இந்த மனுக்களைத் தட்டச்சு செய்தே தலை நரைத்தவன் நான். சட்ட ஆலோசனைக்கு உங்கள் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

ஐயா, அம்மா சுதந்திரத்துக்கு முன்னாடியே தோட்டத்தில் பிறந்தவர். இன்னும் சிவப்பு ஐ.சி.தான். எப்போது கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறார்கள். ஏன் இவ்வளவு இழுக்கிறது? (நிபோங் திபால்)

முதலில் ஒன்று பாருங்கள், தம்பி. மனு எந்தப் பிரிவின் கீழ் போயிருக்கிறது? அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு 31.8.1957க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கானது. கடந்த ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், தொடக்கநிலை மலாய் தெரிந்தால் போதும். இவையெல்லாம் இருந்தால் பதிவு பெற அவருக்கு உரிமை உண்டு என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. 19ஆம் பிரிவு வேறு. 12 ஆண்டில் 10 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும், போதிய மலாய் தெரிய வேண்டும், அப்புறமும் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம். இங்கே பிறந்த பாட்டிமார் பலர் பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் 19இல் போய் நிற்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது தாமதத்தைவிட இதைப் பார்த்துத்தான்.

ஆகவே ஆதாரம் தேடுங்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அலுவலகப் பதிவேடுகளும் போய்விட்டன. ஆனால் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கூடப்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரமும் உதவும். பெயர் எழுத்துகளைக் கவனியுங்கள். தாத்தா முனியாண்டியின் பெயர் ஒரு பத்திரத்தில் ஆங்கில எழுத்து 'ஒய்'யில் (Y) முடியும், இன்னொன்றில் 'ஐ'யில் (I) முடியும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னால் சத்தியப் பிரமாணம் செய்து, அந்தத் தாளையும் மனுவோடு இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோப்பு அங்கேயே நிற்கும்.

நேர்முகத்தில் வரும் மொழிச் சோதனைக்குப் பயப்பட வேண்டாம். அம்மா சந்தையில் பேசுகிற மலாயிலேயே "எங்கே பிறந்தீர்கள், எத்தனை பிள்ளைகள்" என்று வீட்டில் கேட்டுப் பழக்குங்கள். பலருக்கு மலாய் தெரிந்திருந்தும் அதிகாரியைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நான் திருச்சிக்காரி, கணவர் பட்டர்வொர்த். எனக்கு நீல ஐ.சி. எப்போது கிடைக்கும்?

15ஆம் பிரிவில் மனைவிக்கென்று வழி இருக்கிறது, சகோதரி. நடைமுறையில் வரிசை நீளம்: முதலில் நீண்டகால சமூக விசா, வழக்கமாக ஐந்து ஆண்டு கழித்து நிரந்தர வசிப்புக்கான மனு, குடியுரிமை மனு அதற்குப் பிறகுதான். விசாவைப் புதுப்பிக்கவும் கணவர் கூட வர வேண்டியிருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டால் வருகிற தொல்லையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலேசியப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டு ஆணுக்கு இந்த வழிகூட இல்லை, அவர் 19ஆம் பிரிவில்தான் போக வேண்டும். இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இங்கே குடியுரிமை கிடைத்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்.

கோயிலில் தாலி கட்டினோம். குழந்தை பிறந்த பிறகுதான் பதிவுத் திருமணம். மனைவி இந்தோனேசியர். குழந்தைக்கு என் குடியுரிமை வராதா? (பிறை)

தானாக வராது, தம்பி. பதிவு செய்யாத திருமணத்தில் பிறந்த குழந்தைக்குப் 'பெற்றோர்' என்றால் தாய் மட்டுமே என்று அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை சொல்கிறது. பிற்பாடு பதிவு செய்தால் சரியாகிவிடுமா என்று ஒரு வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. பிலிப்பைன்சில் பிறந்த பையன், தந்தை மலேசியர். 2021இல் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் 'ஆகாது' என்று தீர்ப்பு வந்தது.

உங்களுக்கு இருப்பது 15ஏ பிரிவு, சிறப்புச் சூழலில் பிள்ளைகளை அரசாங்கம் குடிமக்களாகப் பதிவு செய்யும் வழி. இன்றைக்கே போடுங்கள். அந்தப் பிரிவின் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றிவிட்டது. நிராகரித்தால் மறுபடி போடலாம், ஆனால் பிள்ளையின் வயது யாருக்காகவும் காத்திருக்காது. அதுவரை பள்ளியில் சேர்க்காமல் வைத்திருக்காதீர்கள். பெற்றோரில் ஒருவர் மலேசியர் என்றால் அரசுப் பள்ளியில் இடம் கேட்கலாம்.

நாங்கள் இருவருமே சிவப்பு ஐ.சி. மகன் பினாங்கில் பிறந்தான். அவனும் சிவப்பா? (ஆயர் ஈத்தாம்)

இல்லை! பிறந்தபோது பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே அவன் சட்டப்படி குடிமகன். மனுவே வேண்டாம், பிறப்புப் பத்திரத்தில் 'வார்கனெகாரா' (குடிமகன்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் 2024 திருத்தம் இந்த வழியை அடைத்துவிட்டது. அது நடைமுறைக்கு வந்த பின் பிறக்கும் குழந்தைகளுக்கு இது கிடைக்காது. மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கும் குடியுரிமை என்ற நல்ல மாற்றமும் அதே திருத்தத்தில்தான் வந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டார்கள்.

நிராகரிப்புக் கடிதத்தில் காரணமே இல்லை. கோர்ட்டுக்குப் போகலாமா?

அரசாங்கத்தின் முடிவை எந்த நீதிமன்றமும் மறுபரிசீலனை செய்ய முடியாது என்று அந்த இரண்டாவது அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் தெரியாதவன் எதைத் திருத்தி மறுபடி போடுவான்? ஆனால் மேலே சொன்ன மகனைப் போல, சட்டப்படி ஏற்கெனவே குடிமகன் என்று வாதாடுகிறவர்கள் நீதிமன்றம் போகலாம், போய் வென்றவர்களும் உண்டு. நீங்கள் எந்த வகை என்று முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஏஜென்ட் ஒருவர் பணம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்...

கொடுக்காதீர்கள். முடிவெடுப்பது அரசாங்க நிர்வாக நகரமான புத்ராஜெயாவில். உங்கள் ஏஜென்டுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

மனு போட்ட பிறகு வீடு மாறிவிட்டோம். பரவாயில்லையா? (புக்கிட் மெர்தாஜாம்)

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். நேர்முகத்துக்கு அழைக்கும் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும். மனு எண் இருக்கும் ரசீதை எடுத்துக்கொண்டு பதிவிலாகா முகப்பில் புது முகவரியைக் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.