டர்பனில் ராகு காலம் எத்தனை மணிக்கு?

கேள்வி: கணவரின் பங்காளிகள் வீட்டுப் பத்திரத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். செவ்வாய்தோறும் மூன்று மணிக்குக் கோயிலில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போடுகிறேன். தோல் கிழிகிறது, திரி அணைகிறது. அபசகுனமா? வீட்டிலேயே மிளகாய் யாகம் செய்யலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: சகுனமெல்லாம் இல்லை அம்மா, பழம்தான் காரணம். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் யுரேக்கா ரகத்துக்குத் தோல் தடி. சின்னதாக, மெல்லிய தோலாகப் பார்த்துப் பொறுக்குங்கள். ஃபிரிட்ஜில் இருந்த பழம் விறைத்திருக்கும். முதல் நாளே வெளியே வைத்து, உருட்டிவிட்டு, குறுக்கே வெட்டுங்கள். பிழிந்தபின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி மெல்ல மடித்துத் திருப்ப வேண்டும். ஒரே அமுக்காக அமுக்கினால் கிழியும். திரி அணைவது உள்ளே தங்கிய சாற்றால். துணியால் ஒற்றி, நெய்யில் ஊறிய திரியைப் போட்டு, ஒரு டீஸ்பூன் நெய்யை உருக்கி விடுங்கள்.

அதைவிட முக்கியம் கடிகாரம். விளக்கு போடுவது ராகு காலத்தில். காலண்டரில் செவ்வாய்க்கு ராகு காலம் என்று இருக்கும் 3 முதல் 4.30, காலை ஆறுக்கு விடிந்து மாலை ஆறுக்குப் பொழுது சாயும் நாளின் கணக்கு. பகலை எட்டுப் பங்காக்கினால் செவ்வாய்க்கு ஏழாவது பங்கு ராகு காலம். டர்பனில் டிசம்பர் கடைசியில் 4.50 வாக்கில் விடிந்துவிடுகிறது. பொழுது சாய ஏழு ஆகிவிடும். ஒரு பங்கே ஒன்றே முக்கால் மணி. அப்போது ராகு காலம் ஏறக்குறைய 3.25 முதல் 5.10 வரை; மூன்று மணிக்குப் போட்டால் அது இன்னும் பிறக்கவே இல்லை! ஜூன் கடைசியிலோ 2.30க்கே தொடங்கி 3.50க்குள் முடிந்துவிடும்.

பிறந்த நட்சத்திரம் பார்ப்பதிலும் இதே குளறுபடி உண்டு. இந்தியப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதானால், இங்கே பிறந்த நேரத்தோடு மூன்றரை மணி நேரம் கூட்டிப் பாருங்கள். சங்கல்பத்தில் உங்கள் பெயர், நட்சத்திரம் போதும். பங்காளிகள் பெயரை ஐயரிடம் சொல்லாதீர்கள். கேட்பது காவல், அவர்கள் அழிவல்ல.

மிளகாய் யாகம் வீட்டில் வேண்டவே வேண்டாம். கும்பகோணம் பக்கம் அய்யாவாடியில் பிரத்யங்கிரா தேவிக்கு அமாவாசைதோறும் வற்றல் மிளகாய் போட்டு நடப்பது, முறை தெரிந்தவர்கள் செய்வது. உங்கள் கராஜில் நாலு மிளகாய் கருகினாலே பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டு ஓடி வருவார். புது எதிரி எதற்கு?

கோர்ட்டுத் தேதி செவ்வாயில் விழுந்தால் கோர்ட்டுக்கே போங்கள். விளக்கை வெள்ளிக்கிழமை ராகு காலமான நாலாம் பங்கில் போடலாம்; டிசம்பரில் அது 10.05 முதல் 11.50 வரை.