மரப் பேனாவில் பள்ளிச் சின்னத்தை டீகாலாக ஒட்டலாமா, லேசர்தான் சரியா?

பழைய மாணவர்கள் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள், சின்னம் வண்ணத்தில் வேண்டுமாம், டீகால் (தண்ணீரில் நனைத்துப் பேப்பரிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய அச்சுப் படம்) ஒட்டினால் "வெறும் ஸ்டிக்கர்" என்று பேசிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். பேசுவார்கள். என்னையும் பேசியிருக்கிறார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களிடம் சின்னதாக ஒரு லேத் (கடைசல் இயந்திரம்), பேனா கிட் (பேனாவின் உலோகப் பாகங்கள்), கொஞ்சம் மரத்துண்டு இருக்கும், மரத்தில் பொறிக்கும் லேசர் மெஷின் இருக்காது. இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் திருநகரில் வீட்டுப் பின்கட்டில் பேனா கடைகிறவன். லேசர் வைத்திருப்பவர்கள் யாரும் கம்பைத் தூக்க வேண்டாம். வெளிர் நிற மரத்தில் வெறும் பெயர் என்றால் லேசர்தான் அழகு, நானே வெளியே கொடுத்துச் செய்து வாங்குகிறேன். ஆனால் லேசர் மரத்தைச் சுடுகிறது, கிடைப்பது கருகல் நிறம் மட்டும்தான். நீலமும் சிவப்பும் கேட்டால் அது எங்கே போகும்?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் காற்றுக்கு வேப்பமரம் சாய்ந்துவிட்டது. அந்த வருடம் தலைமையாசிரியருக்குப் பணி நிறைவு. "அந்த மரத்தடியிலதாண்ணே படிச்சோம், அதுலயே பேனா செஞ்சு குடுங்க" என்று பழைய மாணவர்கள் ஒரு கட்டையை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். சின்னத்தில் நீல வட்டம், சிவப்பு விளக்கு, திறந்த புத்தகம்.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நம் ஊர்க் கடைப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. கண்ணாடி மாதிரித் தெரியும் டீகால் பேப்பரில் அடித்தால், வெள்ளை வரவேண்டிய இடத்தில் மரத்தின் நிறம்தான் தெரியும். வேப்பங்கட்டையின் வைரம் (உள்ளே முற்றிய பகுதி) செம்பழுப்பு. அதன் மேல் நீலம் சேற்று நிறமாகிவிடும். அதனால் வெள்ளை டீகால் பேப்பர். அதில் வெட்டிய ஓரம் வெள்ளையாகப் பல்லிளிக்கும் என்பதால் சின்னத்தைச் சுற்றி அரக்கு நிறத்தில் ஒரு கோடு போட்டு, பிளேடை அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டி வெட்டினேன். பள்ளி கொடுத்த படத்தில் அந்தக் கோடு இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அளவையும் யோசியுங்கள். 12 மி.மீ. விட்டமுள்ள பேனாவின் சுற்றளவு 38 மி.மீ. கூட வராது, ஒரே பார்வையில் கண்ணுக்குப் படுவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். சின்னம் அதற்குள் அடங்கணும், பெயர் நீளவாக்கில் ஓடணும். தமிழ் எழுத்தை ரொம்பச் சிறிதாக்கினால் புள்ளி மறைந்து கார்த்திக் காரததிக ஆகிவிடுவார். தடித்த எழுத்தாக எடுங்கள். பழைய போட்டோஷாப்பில் கொம்பும் காலும் பிரிந்து விழுந்தால் எழுத்துரு மேல் பழியில்லை, பத்தி அமைப்பில் இந்திய மொழிகளுக்கான தேர்வுக்கு மாற்றவேண்டும். டிடிபி சென்டரில் கொடுக்கும்போது எழுத்தை வடிவமாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர்களுடைய கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத்தான் திறக்கும்.

பேப்பரில் இங்க்ஜெட் வேறு, லேசர் பிரிண்டருக்கானது வேறு. இங்க்ஜெட் பேப்பரை லேசர் பிரிண்டரில் விட்டால் உள்ளே சூட்டில் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது; பேப்பர் வந்த கவரோடு போய்க் காட்டுங்கள். லேசர் டோனர் தண்ணீரில் கரையாது. இங்க்ஜெட் என்றால் கிளியர் ஸ்ப்ரே அடித்துக் காயவைத்த பிறகுதான் தண்ணீரில் போடமுடியும்.

இனி ஒட்டுவது. மரத்தின் மேல் நேரடியாக ஒட்டவே கூடாது. மரத்தின் நுண்துளைக்குள் காற்று மாட்டிக்கொண்டு படத்துக்கு அடியில் வெள்ளை பூத்துவிடும். பேனாவை வேண்டிய அளவுக்கு மயிரிழை குறைவாகக் கடைந்து, சயனோ அக்ரிலேட் பசையை (நமக்குத் தெரிந்த ஃபெவிக்விக் வகைதான், மெல்லியதாகப் பாட்டிலில் வரும்) நாலைந்து பூச்சு கொடுத்து, தேய்த்து வழவழப்பாக்குங்கள். பூச டிஷ்யூ பேப்பர்தான், பருத்தித் துணி வேண்டாம். பருத்தியில் பட்டால் இந்தப் பசை சுரீரென்று சூடேறும். ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் கண் எரிந்தே செத்தோம்.

டீகாலை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் அரை நிமிடத்துக்கு மேல் பேப்பரில் இருந்து நழுவ ஆரம்பிக்கும். இழுக்காதீர்கள், பேனாவையும் நனைத்துவிட்டு அதன்மேல் நகர்த்துங்கள். வாழைப்பழத் தோல் வழுக்குகிற மாதிரி வழுக்கும், அந்த ஈரம் இருக்கும்வரைதான் நேராக்க முடியும். நடுவில் இருந்து ஓரத்துக்கு டிஷ்யூவால் ஒற்றித் தண்ணீரை எடுங்கள். குமிழ் இருந்தால் ஊசி முனையால் ஒரு குத்து. அப்புறம் ராத்திரி முழுக்கக் காயட்டும். சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும், ஐப்பசி அடைமழையில் மறுநாளும் விட்டுவிடுங்கள். அடியில் ஈரம் நின்றால் மேலே பூசும் பசை வெளுத்துப்போகும்.

மேல் பூச்சில் முதல் இரண்டு மூன்றையும் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிக் கொடுங்கள், படம் சுருளாது. அதன்மேல் எட்டு பத்துப் பூச்சு ஏறியதும் டீகாலின் ஓரம் மேடாகத் தெரியாது. பிறகு தண்ணீர் தொட்டு 1500-இல் தொடங்கி 12000 வரை மைக்ரோ மெஷ் (மெருகேற்றும் மிக நைசான உப்புத்தாள் வகை; எண் ஏற ஏற நைசு). தேய்க்கிற கை ஓரிடத்தில் நிற்கக் கூடாது.

அந்தப் பேனாவோடு சேர்த்துச் செய்த இன்னொன்றை ஊரில் நடந்த ஒரு கண்காட்சியில் வைத்திருந்தேன். ஒருத்தர் எடுத்தார். "என்னப்பா, ஸ்டிக்கர ஒட்டிட்டு இந்த வெல சொல்ற?" என்று கட்டைவிரல் நகத்தை வைத்துச் சுற்றிச் சுற்றி ஓரம் தேடினார். நான் பேசாமல் நின்றேன். "ஓரமே அகப்படலயே" என்றார். வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

அந்தக் கண்காட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கைவினைப் பொருள் ஸ்டாலை டெல்லி அப்பளக் கடைக்குப் பக்கத்தில் போட்டார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அப்பளம் தின்ற கையோடு பேனாவைத் தடவுகிறார்கள். சாயங்காலம் முழுக்க எண்ணெயைத் துடைப்பதுதான் என் வேலை. இடம் மாற்றிக் கேட்டதற்கு, "அங்கிட்டுதான்ண்ணே கூட்டம் வருது" என்று பதில். கூட்டம் அப்பளத்துக்கு வந்தது.

உங்கள் ஆர்டருக்கு வருகிறேன். பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புவார்கள். அது தரணியா, தாரணியா, தாரிணியா என்று நாம்தான் ஜோசியம் பார்க்கணும். தமிழில் எழுதி வாங்கி, நீங்கள் வடிவமைத்த படத்தை அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு பிரிண்டுக்குப் போங்கள். பாதிப் பணத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.